ஈயம் உருக்கும் வீட்டில் மூக்கில் கட்டும் துண்டு போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் பழையாறு முதல் கோடியக்கரை வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை வேலை வீட்டுக்கு வந்துவிடும். கிழிசலைப் பொத்துவது, கயிறு மாற்றுவது, அதோடு வீச்சு வலைக்கும் தூண்டிலுக்கும் ஈயக் குண்டு வார்ப்பது. கொள்ளிடத்திலும் வெண்ணாற்றிலும் வலை வீசுகிறவர்களும், மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்குள் இதே வேலையைக் கொல்லைப்புறத்தில் முடித்துக்கொள்கிறார்கள். இந்த வேலைக்குப் பாதுகாப்பு என்றால் மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வதுதான் என்று நம் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. துண்டு ஈயத்தைத் தடுக்காது. புகையைவிட அதிகக் கெடுதல் செய்வதோ தூசும் தண்ணீரும். இரண்டையும் பற்றி விவரமாக எழுத இடம் கேட்கிறோம்.

இங்கே ஈயம் என்று சொல்லும் காரீயம் 327 டிகிரியில் உருகும். குண்டு வார்க்க 350 முதல் 400 டிகிரி போதும். அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாகக் கிளம்புவது மிகக் குறைவு. 480, 500 டிகிரியைத் தாண்டினால்தான் ஆவி வேகமாக ஏறும். விறகடுப்பில் ஊதுகுழல் வைத்தோ கரி அடுப்பில் விசிறி வைத்தோ ஊதினால் அந்த அளவு சுலபமாக வந்துவிடும். நிழலில் பார்க்கும்போது சட்டியின் அடி மங்கலாகச் சிவந்து தெரிந்தால் 500-ஐத் தாண்டிவிட்டது என்று பொருள். உடனே தீயை இழுத்துவிட வேண்டும்.

ஏன் இப்படி ஊதுகிறார்கள் என்றால், வார்த்த குண்டு சுருக்கம் விழுந்து வருகிறது, ஈயத்துக்குச் சூடு பத்தவில்லை என்று நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலும் அச்சுதான் குளிர்ந்திருக்கும். அச்சைச் சட்டியின் விளிம்பில் வைத்துச் சூடேற்றி, முதல் நான்கைந்து வார்ப்பை எடுத்துத் திரும்பச் சட்டியில் போட்டுவிட்டால் சுருக்கம் போய்விடும். குண்டின் மேல் பனி படர்ந்ததுபோல் வெளுத்தால் சூடு அதிகம். இரும்பு உறையுள்ள, ஈயத்துக்குள் முக்கிப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். தூர நின்று காட்டும் துப்பாக்கி வெப்பமானி பளபளக்கும் ஈயத்தின்மேல் பொய் சொல்லும்.

இனி தண்ணீர். தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். உருகிய ஈயத்தின் மேல் ஒரு துளி வியர்வை விழுந்தால் சீறிவிட்டுப் போய்விடும். அதே துளி ஈயத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டால் சட்டியில் உள்ளதை முகத்துக்கு எறியும். அது எப்படி அடியில் போகும்? ஈரக் கரண்டியால் போகும். நடுவில் சேர்க்கும் பழைய குண்டால் போகும். கடல் வலையிலிருந்து கழற்றிய குண்டுகளில்தான் ஆபத்து மிக அதிகம். துளைக்குள் உப்பும் அழுகிய நைலான் கயிறும் அடைத்திருக்கும். கடலுப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மாதக்கணக்கில் கூரைக்கடியில் கிடந்த குண்டுகூட உள்ளே ஈரமாக இருக்கும். கயிறை உருவி, துளையைக் கம்பியால் குத்தி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, பிறகு குளிர்ந்த சட்டியில் போட்டு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். ஈயமும் சட்டியும் சேர்ந்தே சூடாகும்போது, ஈயம் உருகும் முன்பே ஈரம் வெளியேறிவிடும். அச்சிலிருந்து அப்போதே எடுத்த சூடான வார்ப்பைத் தவிர, உருகிக்கொண்டிருக்கும் ஈயத்தில் புதிதாக எதையும் போடாதீர்கள். சட்டி காலியானால் ஆறவிட்டு அடுத்த ஈடு வைப்பதே சரி.

தரையும் இப்படித்தான். கடற்கரை மணல் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உப்பு ஈரம் பிடித்திருக்கும். சிமெண்டுத் தரைக்குள்ளும் ஈரம் உண்டு. சூடான ஈயம் சிந்தினால் இரண்டும் தெறிக்கும். ஆற்று மணலை வாணலியில் வறுத்து, ஓர் இரும்புத் தட்டில் இரண்டு விரல்கடை உயரம் பரப்பி அதன்மேல் வேலை செய்யுங்கள். களிமண் அச்சு வைத்திருப்பவர்கள் அதைச் சுட்டு, பயன்படுத்தும் நாளில் மறுபடி அடுப்போரம் காயவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

இந்தத் தெறிப்புக்காகத்தான் முகக்கவசம். நெற்றி முதல் கழுத்து வரை மறைக்கும் பாலிகார்பனேட் கவசமும், அதற்குள் கண்ணை ஒட்டி மூடும் கண்ணாடியும் சேர்த்து அணிய வேண்டும். ஈயம் கீழிருந்து மேலே தெறிப்பதால் வெறும் கண்ணாடி காக்காது. கைக்கு வெல்டிங் செய்பவர்களின் தோல் கையுறை, முழங்கைக்குப் பக்கத்தில் வரும் நீளம். ரப்பர் கையுறையும் நைலான் பின்னல் கையுறையும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தோல் கையுறை கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். உள்ளே ஈயம் விழுந்தால் ஓர் உதறலில் கழன்றுவிட வேண்டும். அது நனைந்திருந்தால் அன்றைக்கு வேலை வேண்டாம்.

உடுப்பு தடித்த பருத்தி: முழுக்கைச் சட்டை, மடிப்பில்லாத பேண்ட், மேலே தோல் ஏப்ரன். பாலியெஸ்டர் கலந்த எதுவும் கூடாது. கைலியும் கூடாது, பருத்தியாக இருந்தாலும் கால் திறந்துதான் இருக்கும். மடித்துவிட்ட கைவிளிம்பும் சட்டைப் பையும் ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலுக்கு மூடிய தோல் ஷூ, பேண்ட் அதன் வெளிப்பக்கம் விழ வேண்டும். ரப்பர் செருப்பில் நின்று ஈயம் ஊற்றுகிறவர் தன் பாதத்தைப் பணயம் வைக்கிறார்.

கத்திரி வெயிலில் இவ்வளவும் மாட்டிக்கொண்டு நிற்க முடியுமா என்று கேட்பது நியாயமே. காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் அடுப்பை அணைத்துவிடுங்கள், அரை மணிக்கு ஒருவராக மாறிக்கொள்ளுங்கள். காற்று உங்கள் முதுகில் அடித்தால் உடம்பு மறைத்து, முன்னால் ஒரு சுழல் உண்டாகிப் புகை முகத்துக்கே திரும்பும். அதனால் காற்று பக்கவாட்டில் வரும்படி நில்லுங்கள். மேலே கூரை இருந்தாலும் சுற்றிலும் திறப்பாக இருக்க வேண்டும்.

சட்டி கனத்த இரும்பாக இருக்கட்டும். அலுமினியப் பாத்திரம் அதிகச் சூட்டில் வலுவிழந்து அடி விட்டுப்போகும். ஒரு லிட்டர் கொள்ளும் சட்டியில் ஈயம் நிரப்பினால் எடை 11 கிலோவைத் தாண்டும், மூன்று செங்கல்லை அடுக்கி அதன்மேல் வைக்கக் கூடாது. இரண்டு கிலோவுக்குமேல் ஒரு தடவையில் உருக்க வேண்டிய அவசியம் வீட்டில் யாருக்கும் இல்லை. அந்தச் சட்டியும் கரண்டியும் சமையல்கட்டுப் பக்கம் மறுபடி போகக் கூடாது.

அடுத்தது தூசு. உருகிய ஈயத்தின் மேல் சாம்பல் நிறத்தில் படியும் கசடு பெரும்பாலும் ஈய ஆக்சைடு. அதை வழித்துத் தட்டும்போது பறக்கும் பொடிதான் மூக்கிலும் கையிலும் உடையிலும் ஏறுகிறது. இதற்குச் சரியான முகமூடி, இரண்டு பக்கமும் வடிகட்டி மாட்டும் ரப்பர் அரைமுகமூடி. வடிகட்டி பி100 அல்லது பி3 தரம் என்று கேட்டு வாங்க வேண்டும். பெயின்ட் வாசனைக்கு என்று விற்கும் கரி வடிகட்டி தனியாக இருந்தால் ஈயத்தூசைத் தடுக்காது. துணி முகமூடியும் ஆஸ்பத்திரி முகமூடியும் ஓரங்களில் காற்றை விட்டுவிடும். வடிகட்டியை உள்ளங்கையால் மூடி மூச்சை இழுத்துப் பாருங்கள். முகமூடி முகத்தோடு ஒட்டி உள்வாங்கினால் சரி. தாடி இருந்தால் ஒட்டாது, அன்றைக்கு மழித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கசடை மெதுவாக வழித்து, மூடியுள்ள இரும்பு டின்னில் போடுங்கள். தென்னை மரத்தடியிலும் வாய்க்காலிலும் கொட்டாதீர்கள்.

பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுப்பவர்களிடம் கடுமையாகவே சொல்கிறோம்: எந்த முகமூடி போட்டாலும் அதைச் செய்யாதீர்கள். தகட்டில் கந்தக அமிலமும் ஈய சல்ஃபேட்டும் இருக்கின்றன, ஆர்சனிக், ஆன்டிமனி, கால்சியம் கலந்த தகடுகளும் உண்டு. அப்படிப்பட்ட கசடில் ஈரம் பட்டால் ஆர்சைன் என்ற வாயு உண்டாகலாம். அது ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், தூசு வடிகட்டி அதை நிறுத்தாது. 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரி அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போய்ச் சேர வேண்டும்.

வேலை நடக்கும்போது பீடி, வெற்றிலை, டீ எதுவும் கூடாது. விரலில் உள்ள பொடி நேராக வாய்க்குப் போகும். தூண்டில் நூலில் பிளவு ஈயத்தைப் பல்லால் கடித்து மூடும் பழக்கமும் இதே வகை. ஒரு சின்னக் குறடு அந்த வேலையைச் செய்யும்.

அணிவதைவிடக் கழற்றுவதில்தான் அதிகக் கவனம் வேண்டும். வாசற்படிக்கு வெளியிலேயே முதலில் ஏப்ரன், பிறகு கையுறை, ஷூ, சட்டை, பேண்ட் என்று கழற்றி, முகமூடியைக் கடைசியில் எடுங்கள். சட்டையை உதறாதீர்கள். முகமூடியைத் துடைத்து, மூடிய பையில் வையுங்கள். ஆணியில் தொங்கவிட்டால் அதன் உட்பக்கத்திலேயே தூசு படியும். கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு தடவை கழுவி, தலையோடு குளித்துவிட்டுப் பிறகு குழந்தையைத் தூக்குங்கள். அந்த உடுப்பைத் தனி வாளியில் ஊறவைத்துத் தனியாக அலச வேண்டும். வீட்டுத் துணியோடும் வேண்டாம், குளத்திலும் வேண்டாம். வேலை செய்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் அடங்கிய தூசு மறுபடி கிளம்பும். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கசடு டின்னில் சேர்க்காமல் தனிப் பையில் கட்டி வையுங்கள்.

இவ்வளவும் குழந்தைகளுக்காக. வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர் உடம்பு ஏற்றுக்கொள்வதைவிடச் சிறு குழந்தையின் உடம்பு நான்கைந்து மடங்கு ஏற்றுக்கொள்ளும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த பிள்ளைக்கு இன்னும் அதிகம். படிப்பும் கவனமும் கெடும், வெளியில் எதுவும் தெரியாது. ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்துவிட்டாலே, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது. பெரியவர்களின் எலும்பில் ஈயம் பல ஆண்டுகள் தங்கி, கர்ப்பக் காலத்தில் ரத்தத்துக்கு வந்து கருவையும் அடையும். ஆகவே கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் அடுப்புப் பக்கம் வரக் கூடாது என்பதோடு, வார்த்த குண்டைக் கயிற்றில் கோக்கும் வேலையையும் அவர்களிடம் கொடுக்கக் கூடாது. குண்டுகளை முதலில் ஒரு வாளித் தண்ணீரில் அலசிவிட்டு, பெரியவர்கள் கோக்கட்டும்.

வாரக்கணக்கில் மலச்சிக்கல், வயிற்றுப்பிசைவு, தலைவலி, காரணமில்லாத எரிச்சல், ரத்தசோகை இருந்தால் ஈயம் உருக்குவதை மருத்துவரிடம் சொல்லுங்கள். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் ஈயம் தெரியாது, அதைத் தனியாக எழுதித் தரச் சொல்ல வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய ஈயமும் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும், நரம்பில் எடுப்பதே நம்பகமானது. ஈயம் பட்டுச் சுட்டுவிட்டால் ஒட்டியதைப் பிய்க்காமல் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு 108-ஐ அழையுங்கள். பற்பசையும் மையும் வேண்டாம். சட்டியில் தீப்பற்றினால் மூடியாலோ வறுத்த மணலாலோ மூட வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது.

மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு வீடு இவ்வளவு சாமான் வாங்குவது கஷ்டம். ஊருக்கு ஒரு திறந்த கொட்டகை, ஒரு கனத்த சட்டி, ஒரு வெப்பமானி, இரண்டு பேருக்கான முழு உடுப்பு, கைகழுவத் தண்ணீர்த் தொட்டி, கசடுக்கு ஒரு டின் வைத்து, முறை போட்டு வார்க்கலாம். வடிகட்டியை மட்டும் அவரவர் வாங்கிக்கொள்ளட்டும். சேர்ந்த கசடை ஆண்டுக்கு ஒருமுறை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடலாம். ஈயக் கட்டி விற்கும் கடைக்காரர்கள் தோல் கையுறையையும் முகக்கவசத்தையும் பக்கத்திலேயே வாங்கி வைத்தால் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மீன்வளத் துறை தடைக்காலத்தில் நடத்தும் கூட்டங்களில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். அதில் முகமூடி மாட்டுவதைச் செய்து காட்டினால், பேச்சைவிட அதுவே பயன்படும்.

இப்படிக்கு,
வலை வேலையிலும் வார்ப்பு வேலையிலும் உள்ள வாசகர்கள்,
நாகப்பட்டினம்.