அப்பாவின் கீமோவுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

அப்பாவின் நுரையீரல் புற்றுநோய், டிரிப்பில் ஏற்றிய கீமோவுக்கும், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரப்பிக்கும் கட்டுப்படாமல் மறுபடி தலைதூக்கியபோது, அடுத்து என்ன என்று கேட்கவே எங்களுக்கு வாய் வரவில்லை. வாயால் விழுங்கும் கீமோ மருந்தான வினோரெல்பின் காப்ஸ்யூலை வாரம் ஒரு முறை கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். இது நோயை அடியோடு தீர்க்காது, வளரவிடாமல் பிடித்து வைக்கப் பார்க்கும் என்பதையும் அப்பாவிடமே நேராகச் சொன்னார். பூசி மெழுகாத அந்தப் பேச்சுக்கு முதல் நன்றி.

மாத்திரைதானே, சுலபம் என்றார்கள் சிலர். ஊசி இல்லை, அவ்வளவுதான் சுலபம். நர்ஸ் பார்த்துக்கொண்ட வேலையெல்லாம் நம் தலையில் வந்து விழும். அதற்கு எங்களைத் தயார்படுத்தியவர் மருந்தகத்தில் இருந்த அக்கா. காப்ஸ்யூலை ஃப்ரிட்ஜில் வைக்கணும். சாப்பாட்டோடு, தண்ணீர் விட்டு முழுசாக விழுங்கணும், சூடான பானம் ஆகாது. கடிக்கவோ சப்பவோ கூடாது, உள்ளே இருக்கும் திரவம் பட்ட இடம் எரியும். வாந்தி எடுத்துவிட்டால் அன்றைக்கு மறுபடி கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார். ஒரு ராத்திரி அப்படியே ஆனது. அம்மா பதறிப்போய் ஃப்ரிட்ஜைத் திறக்க, அக்கா சொன்னது ஞாபகம் வந்து நான் ஓடிப்போய்த் தடுத்தேன்.

டே கேர் நர்ஸுக்கு எப்படி நன்றி சொல்ல? ஒவ்வொரு முறையும் மருந்துக்கு முன் ரத்தப் பரிசோதனை. தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான நியூட்ரோபில் 1500க்குக் கீழே இறங்கினால் மருந்து தள்ளிப்போகும். முதல் தடவை தள்ளிப்போனபோது அப்பா இடிந்து உட்கார்ந்துவிட்டார். "மருந்து கேக்கலைன்னு அர்த்தம் இல்லை ஐயா, அணுக்கள் ஏறட்டும்னு காத்திருக்கோம்" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிப் புரியவைத்தார். 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள் என்று எச்சரித்தவரும் அவர்தான். வந்தது, நடுராத்திரியில். தூக்கக் கலக்கத்திலும் காரை எடுத்த எதிர்வீட்டுத் தம்பி, நல்லா இருப்பா.

கடைசி ஸ்கேனில் கட்டி வளரவில்லை. அப்பா செய்தித்தாளோடு சண்டை போடும் அளவுக்குத் தேறியிருக்கிறார்.

அப்புறம், மூலிகைப் பொடி அனுப்பிய சொந்தங்களுக்கும் நன்றி. இந்த மருந்தோடு எது மோதும் என்று தெரியாமல் எதையும் கொடுக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொட்டலங்கள் பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
அவர் மகள்