உப்புவெளியில் உதவிய அண்ணாவுக்கு நன்றி

திருகோணமலை நிலாவெளி வீதியில், உப்புவெளிக்குக் கிட்ட, மழை இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் எங்கள் காரின் மடியும் கூரை மூட மறுத்தது. பெயர்கூடச் சொல்லாமல் நின்று உதவிய அண்ணா, உங்களுக்கு மனமார்ந்த நன்றி.

"கூரையை அசைக்கிற ஒயில் பம்ப் சத்தம் கேட்டும் கூரை அசையாட்டி ஒயிலைப் பாருங்கோ தம்பி. சத்தமே இல்லையெண்டா முதல்ல பற்றரி, பியூஸ், பிறகு சுவிட்ச்" என்று பொறுமையாக விளங்கப்படுத்தினீர்கள். பற்றரியும் பியூஸும் சரி. டிக்கியில் சாமான்களையும் மடிந்த கூரையையும் பிரிக்கும் தடுப்பு பூட்டியிருப்பதைக் காரின் கணினிக்கு அறிவிக்கும் சின்னச் சுவிட்சில்தான் பச்சைக் களிம்பு. கடற்கரை ஊர், உப்புக்காற்று வேறு. அந்தத் தகவல் போகாவிட்டால், கூரை சாமான்களில் மோதாமலிருக்கக் கணினி அதை அசையவே விடாதாம். துடைத்துப் பூட்டியதும் பம்ப் உறுமியது, கூரை மூடியது.

அம்மா நனையாமல் வீடு வந்தார். நீங்கள் காசும் வாங்கவில்லை. இதை வாசித்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள் அண்ணா, உங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடச் சொல்கிறார்.