வால்பாறைக்குத் திரும்பும் நோயுற்ற குழந்தைகளுக்கு வாகன வசதி கோரும் மனு

அனுப்புநர்
தேயிலைத் தோட்டத் தொழிலாளி,
வால்பாறை வட்டம்.
(பெயர், முகவரி, கைபேசி எண் தனித்தாளில்)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பொருள்: கடும் நோய்க்கு வெளியூரில் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் குழந்தைகளுக்குக் கோவையிலிருந்து வால்பாறை வரை வாகனம் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

வால்பாறை வட்டத்தில் ஓர் எஸ்டேட்டில் நான் மருந்தடிக்கும் வேலையும் என் மனைவி கொழுந்து பறிக்கும் வேலையும் செய்கிறோம். எங்கள் மகளுக்கு ஆறு வயது. சென்ற ஆண்டு அவளுக்கு விடாத காய்ச்சல் வந்தது. கை கால்களில் அடிபடாமலே கன்றிப்போன தடங்கள் தெரிந்தன. கோவையில் இரத்தப் புற்றுநோய் என்று சொல்லிச் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்ததால் சிகிச்சைக்கு யாரும் எங்களிடம் பணம் கேட்கவில்லை. அந்த நன்றியை முதலில் பதிவு செய்கிறேன். போகும்போதும் குறை இல்லை. வால்பாறையிலிருந்து கோவை வரை 108 வாகனம் நான்கு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்த்தது.

நான் எழுத வந்தது திரும்பி வந்த கதையை.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள் காலை 11 மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அதற்கு முந்தைய நாள்தான் மகளுக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டிருந்தார்கள். முடிந்தவரை படுக்க வையுங்கள், கூட்டத்துக்குள் கொண்டுபோகாதீர்கள், காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள் என்று டாக்டர் ஒரே மூச்சில் சொன்னார். வால்பாறைக்காரன் இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று அவரிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ரயிலுக்கு இரவு வரை நேரம் இருந்ததால் மருத்துவமனை வாசல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அப்போது எங்கள் வார்டில் இரண்டு மாதம் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பையனை அமரர் ஊர்தியில் ஏற்றினார்கள். அவன் அப்பா தெற்கத்திக்காரர். பத்து மணி நேரம் போக வேண்டிய ஊருக்கு அரசு ஒரு பைசா வாங்காமல் அவனைக் கொண்டுபோனது. அதைக் குறையாகச் சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். ஆனாலும் ஓட்டுநரிடம் போய், இதைப் போல எங்களுக்கு ஏதாவது வண்டி உண்டா என்று கேட்டுவிட்டேன். அவர் சங்கடப்பட்டு, "இது இறந்தவங்களுக்குத்தான் அண்ணா" என்றார்.

புற்றுநோயாளிக்கு ரயிலில் படுக்கை வகுப்புக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் வரும் ஒருவருக்கு 75 சதவீதம். அந்தச் சலுகை எங்களுக்கும் கிடைத்தது. படுக்கைதான் கிடைக்கவில்லை. ஆர்.ஏ.சி.யில் வந்த ஒற்றை இருக்கையில் மகளைக் கிடத்திவிட்டு என் மனைவி கீழே தரையில் உட்கார்ந்து வந்தாள். நான் கதவோரம் நின்றேன்.

காலையில் கோவையில் இறங்கி டாக்ஸி கேட்டேன். 4,000 ரூபாய் என்றார்கள். என்னிடம் இருந்தது 900. உக்கடம் போய்ப் பொள்ளாச்சி பஸ், பிறகு வால்பாறை பஸ். ஆழியாற்றைத் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள் என்பது தாங்கள் அறிந்ததே. சுற்றுலா வருபவர்கள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வருவார்கள். அன்று நாங்களும் எண்ணினோம். 9-ஆவது வளைவில் நின்று அணையைப் படம் எடுப்பார்களே, அந்த இடம் வருவதற்குள் மகள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். மொட்டைத் தலையையும் முகக்கவசத்தையும் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த அம்மா "ஒட்டுவாரொட்டியா?" என்று கேட்டு எழுந்து போனார். அவர் மீது கோபம் இல்லை. அவருடைய இருமலைக் கண்டு நாங்கள்தான் பயந்துகொண்டிருந்தோம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கண்டக்டர் நல்ல மனிதர். முன் இருக்கையைக் காலி செய்து கொடுத்தார். அட்டகட்டியிலிருந்து மகள் பேசவே இல்லை.

வீட்டுப் படியேறியபோது மணி இரண்டு. மருத்துவமனையை விட்டுப் புறப்பட்டு 27 மணி நேரம் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. மறுபடி 108, மறுபடி கோவை. பஸ்ஸில்தான் தொற்றியது என்று என்னால் சொல்ல முடியாது; இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

ஐயா, பிரசவித்த தாயையும் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையையும் வீட்டில் கொண்டுவிட 102 வாகனம் இருக்கிறது. இறந்தவரைக் கொண்டுபோக 155377 இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஆறு வயதுக் குழந்தைக்கு எந்த எண்ணை அழைப்பது?

கூட்டத்தில் பயணம் செய்யக் கூடாது என்று மருத்துவர் எழுதித் தரும் குழந்தைகளைக் கோவை ரயில் நிலையத்திலிருந்து வால்பாறை வரை ஏற்றிவர ஒரு வாகனம் ஏற்பாடு செய்து தர வேண்டுகிறேன். புது வண்டிதான் வேண்டும் என்பதில்லை. மேலிருந்து நோயாளியை இறக்கிவந்த ஆம்புலன்ஸ் பெரும்பாலும் காலியாகத்தான் மலையேறுகிறது. அவசர அழைப்புக்கு இடையூறு என்று அதை மறுக்கக்கூடும். அதிலும் நியாயம் உண்டு. அப்படியானால் செஞ்சிலுவைச் சங்க மாவட்டக் கிளையின் தலைவர் என்ற முறையில் தாங்கள் அதன் வழியாக ஒரு வண்டிக்கு வழிசெய்யலாம். டீசல் செலவில் ஒரு பங்கு கேட்டாலும் கொடுப்போம்.

அதோடு, சென்னை மருத்துவர்கள் அவ்வப்போது எழுதித் தரும் இரத்தப் பரிசோதனையை வால்பாறையிலேயே செய்து முடிவை அவர்களுக்கு அனுப்ப உத்தரவிட்டால், எங்கள் பயணங்களில் பாதி குறையும். இந்தச் சிகிச்சை இன்னும் இரண்டு ஆண்டுக்கு மேல் நடக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த மாதம் 2-ஆம் வாரம் மகளை மறுபடி சென்னைக்கு அழைத்துப்போக வேண்டும். திரும்பும் தேதி தெரிந்ததும் தங்கள் அலுவலகத்துக்குத் தெரிவிக்கிறேன்.

இணைப்பு: மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கம், ரயில் மற்றும் பஸ் டிக்கெட் நகல்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)