மகளுக்கு: உன் அடுப்புக்கரிக் கேள்வி

ரங்கூன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம்; உன் நலமறிய ஆவல்.

நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு மின்வெட்டு இரவில் பழைய டார்ச் பேட்டரியை உடைத்துக் கரிக்குச்சியை எடுத்து, அதன் வழியே பல்பை எரியவைத்தாய். பிறகு அம்மாவின் அடுப்புக்கரியிலும் அதே கம்பிகளை வைத்தாய், பல்பு எரியவில்லை. "இரண்டும் கரிதானே, அப்பா?" என்று கேட்டபோது, கம்பியை நீ சரியாகப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். நீ சரியாகத்தான் பிடித்திருந்தாய், அம்மா. என் பதில்தான் தவறு. சென்ற வாரம் ஒரு மிக்ஸி மோட்டாரில், சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கரித்துண்டான கார்பன் பிரஷை மாற்றும்போது அது நினைவுக்கு வந்து மனத்தை உறுத்தியது.

கார்பன் அணு ஒவ்வொன்றுக்கும் பிணைப்புக்கென நான்கு எலக்ட்ரான்கள் உண்டு. வைரத்தில் அந்த நான்கும் சுற்றியுள்ள நான்கு அணுக்களோடு இறுகிப் பிணைந்துவிடுவதால், மின்சாரத்தைச் சுமக்க எதுவும் மிஞ்சுவதில்லை. பேட்டரிக் குச்சியிலும் பிரஷிலும் உள்ள கிராஃபைட்டில், ஒவ்வொரு அணுவும் மூன்று அணுக்களோடு மட்டும் பிணைந்து தாள் தாளாகப் படிந்திருக்க, நான்காவது எலக்ட்ரான் அந்தத் தாள் முழுவதற்கும் பொதுவாகி உலவுகிறது. தாள்களுக்கு இடையே 0.335 நானோமீட்டர் இடைவெளி இருப்பதால், தாளின் நெடுகே எளிதாக ஓடும் மின்சாரம் அதன் குறுக்கே அவ்வளவு எளிதில் பாய்வதில்லை. பிரஷைத் தொட்ட விரலில் ஒட்டும் கருமை, உரிந்து வந்த அந்தத் தாள்கள்தான்.

அடுப்புக்கரியிலும் இத்தகைய தாள்கள் உண்டு. ஆனால் சூளையில் 400, 500 பாகைச் சூட்டில் மட்டுமே வெந்ததால் அவை மிகச் சிறியவையாய், ஒன்றையொன்று தொடாமல், விறகின் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இன்னும் ஒட்டிய நிலையில் சிதறிக் கிடக்கின்றன. காற்றுப் படாமல் 900 பாகைக்கு மேல் சுட்டால் அவை வளர்ந்து இணைந்து மின்சாரத்துக்கு வழிவிடும்.

டிஷ் கேபிளுக்குள் இருக்கும் வெள்ளைப் பாலித்தீனும் கார்பன் சங்கிலிதான். அதன் எலக்ட்ரான்கள் அனைத்தும் பிணைப்பில் கட்டுண்டதால் மின்சாரத்தைத் தடுக்கிறது. ஆயினும் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும் பாலிஅசிட்டிலீனில் அயோடின் ஆவியைச் சேர்த்து, அந்த பிளாஸ்டிக்கை உலோகம்போல் மின்கடத்தச் செய்யலாம் என்று 1977இல் ஷிராகாவா, மெக்டயார்மிட், ஹீகர் ஆகிய அறிவியலாளர்கள் காட்டினர்; 2000இல் அவர்களுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பக்கத்துத் தெருத் தட்டாரிடம் மூசையும் (பொன் உருக்கும் சிறு கிண்ணம்) உலையும் கேட்டு வைத்திருக்கிறேன். 1064 பாகையில் பொன்னை உருக்கும் உலை நமக்கும் போதும். தீபாவளிக்கு நீ வந்ததும், ஓர் அடுப்புக்கரித் துண்டை மணலில் புதைத்துச் சுட்டு, மறுபடியும் அதே பல்பை வைத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா