கடலியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் கடலியல் முதுநிலைப் பாடத்திட்டத்தை வகுக்கும் பெருமக்களுக்கு வணக்கம்.

இயற்பியல் கடலியல், வேதியியல் கடலியல், உயிரியல் கடலியல் ஆகிய மூன்று தாள்களையும் மூன்று பேராசிரியர்களிடம் படித்துத் தேறியவன் நான். மூவரும் நன்றாகவே நடத்தினார்கள். ஆயினும் ஒரு தாளில் கற்றதை மற்றொன்றின் விடைத்தாளில் எழுதும் தேவை இரண்டாண்டுகளில் ஒருமுறைகூட எனக்கு வரவில்லை.

2019-இல் மன்னார் வளைகுடாவில், மண்டபத்தை அடுத்த கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. பூங்கோரை என்று அப்பகுதியில் வழங்கும் அந்தத் திரளுக்குக் காரணம் நாக்டிலூகா என்னும் ஒற்றைச் செல் உயிரி. அதன் படத்தை உயிரியல் தாளில் வரைந்து மதிப்பெண் வாங்கியிருந்தோம். அது பெருகி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறைந்து மீனோடு பவளமும் சாவதை விளக்க வேதியியல் வேண்டும். திரள் எங்கே ஒதுங்கும், எத்தனை நாள் நிற்கும் என்பதற்குக் காற்றும் நீரோட்டமும் தெரிய வேண்டும். ஊரார் காரணம் கேட்டபோது, மூன்றையும் கோத்துச் சொல்ல எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் வரவில்லை.

வங்காள விரிகுடாவின் கதையும் இதுவே. கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி முதலிய ஆறுகள் கொட்டும் நன்னீர், எடை குறைந்ததால் மேலே படர்ந்து நிற்கிறது. காற்றால் அதை எளிதில் கலக்க முடியாததால், அடியிலுள்ள நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வெளிச்சம் படும் மட்டத்துக்குப் போதிய அளவில் ஏறுவதில்லை. அதனால்தான் மிதவைத் தாவரங்களின் விளைச்சலில் அது அரபிக்கடலைவிடப் பின்தங்கியிருக்கிறது. இதை நாங்கள் மூன்று பருவங்களில் மூன்று துண்டுகளாகப் படித்தோம்.

கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்லர் முறையை நான் ஆய்வகத்துக் குழாய்த் தண்ணீரில் செய்து பழகினேன். கடல்நீரில் செய்தது வேலைக்குச் சேர்ந்த பிறகு. மேல்மட்ட நீரையும் அடிமட்ட நீரையும் குமிழி புகாமல் இரு புட்டிகளில் நிரப்பி, மாங்கனீசுக் கரைசலையும் காரம் கலந்த அயோடைடையும் விட்டபோது, முதல் புட்டியில் கரும்பழுப்பாக இறங்கிய வீழ்படிவு, இரண்டாவதில் ஆக்சிஜன் குறைவால் வெளிறிப்போய்த் தங்கியது. மேல்நீரும் அடிநீரும் எளிதில் கலவாமல் நிற்பதைக் காட்ட, வகுப்பில் அடர்த்தி அடுக்கு என்று வரைந்த கோடு எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான். (ஆடும் படகில், கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் பியூரெட் வேலை நடக்காது, அதைக் கரைக்கு வந்து செய்ய வேண்டும் என்பதும் அன்றுதான் தெரிந்தது.)

நான் கேட்பது ஆய்வுக்கப்பல் அன்று. ஒரு முகத்துவாரமும் வாடகைப் படகும் போதும். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்றங்கரையிலேயே அமைந்திருப்பதன் அருமையும் அதுவே. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை, கடல் ஏற்றம் தொடங்கி வற்றம் வரை ஒரே இடத்தில் படகை நிறுத்தி, வெப்பநிலை, உப்புத்தன்மை, நீரோட்டம், ஆக்சிஜன், ஊட்டச்சத்து, மிதவை உயிரிகள் அனைத்தையும் மாணவர்கள் மணிக்கொருமுறை எடுக்கட்டும். அதற்கு ஒரே அறிக்கை எழுதி, அதை மூன்று துறை ஆசிரியர்களும் சேர்ந்து மதிப்பிடும் கட்டாயத் தாளாக இது அமைய வேண்டும். பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகளைக் கரையில் நிறுத்தும் வழக்கத்துக்கு இதில் இடம் தரலாகாது. நீரோட்டத்தை நீவாடு என்று சொல்லி அதன் போக்கைக் கையால் உணரும் படகோட்டிக்கு, வாடகையோடு ஆசிரியருக்குரிய மதிப்பூதியமும் வழங்க வேண்டும்.

அடுத்த பாடத்திட்டத் திருத்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இக்கோரிக்கையைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடலியல் முன்னாள் மாணவன்