பொதுக்கூடத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொதுக்கூடத்தின் மேல்தளத்தையும் படிப்பறையையும் சீரமைக்கும் வேலை முடிந்துவிட்டது. இதற்குத் திருப்பணி என்று பெயர் வைத்தவர் நம் மூத்த உறுப்பினர். "நாலு பேர் கூடுற இடம்னா திருப்பணிதான்" என்றார். தன் பெயர் அச்சில் வந்தால் அறிக்கையைக் கையால் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டதால், இதில் அவர் வெறும் அக்கா. யாரென்று உங்களுக்குத் தெரியும்.

கூரை ஒழுகியதற்குக் காரணம் வாட்டம், அதாவது தண்ணீர் வழிந்தோடும் சரிவு, சரியில்லாததே. மழைநீர் குழாய் வாய்க்குப் போகாமல் நடுவிலேயே தேங்கியது. பழைய தளத்தைக் கொத்தி எடுத்து, 100 அடிக்கு 1 அடி வாட்டம் கொடுத்துப் புதிதாகப் போட்டோம். புதுத் தளம் நன்றாக இறுக, அதன் மேல் பாத்தி கட்டி 7 நாள் தண்ணீர் நிறுத்தினோம். "குழாய் வாயை அடைச்சு தளம் முழுக்க ரெண்டு நாள் தண்ணி கட்டிப் பாருங்க, அப்புறம் ஓடு பதிக்கலாம்" என்று அக்கா சொன்னார். பாத்தியே போதும் என்று நினைத்து, அவர் பேச்சை நாங்கள் கேட்கவில்லை. பாத்தித் தண்ணீர் கைப்பிடிச் சுவரோரம் எட்டவில்லை. கசிவு இருந்ததோ அங்கேதான். பதித்த ஓடுகளில் மூன்று வரிசையைப் பெயர்க்க வேண்டியதாயிற்று. தவறு எங்களுடையது. அந்தச் செலவைக் குழுவினரே பகிர்ந்துகொண்டோம்.

ஆள் சேர்த்த கதையையும் சொல்ல வேண்டும். முதலில் சுற்றறிக்கை அனுப்பினோம். கூட்டத்துக்கு வந்தவர்களைவிட நாற்காலிகள்தான் அதிகம். மறுநாள் அக்கா தன் நீள நோட்டைக் கொண்டுவந்தார். வீட்டுக்கு ஒரு பக்கம், எல்லாம் அவர் கையெழுத்து. "இரவு வேலை. 10 மணிக்கு முன்னால் கதவைத் தட்டாதே." "கோபக்காரர், சொன்ன சொல் தவறமாட்டார்." "என்னோடு பேச்சில்லை. மகளிடம் சொல்." எந்தப் பக்கத்திலும் நன்கொடைத் தொகை கிடையாது.

'உதவி செய்யுங்கள்' என்று பொதுவாகக் கேட்கக் கூடாதாம். என்ன வேலை, எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று கேட்க வேண்டுமாம். எதிர்ப்பவர் வீட்டுக்குத்தான் முதலில் போனார். இந்தத் திருப்பணியே தண்டம் என்று சொன்ன அந்த மனிதர்தான் கடைசி வரை சிமென்ட் மூட்டைகளை எண்ணிப் பதிவேட்டில் ஏற்றினார். ஒரு மூட்டை குறைந்தாலும் எங்களைத் தூங்கவிடவில்லை.

பணத்தை எப்போதும் இருவர் சேர்ந்தே எண்ணினோம். குழுவில் இல்லாத இரண்டு உறுப்பினர்கள் கணக்கைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டிருக்கிறார்கள். ரசீதுகள் படிப்பறையில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம். மீதிப் பணம் பராமரிப்புக்கு. மழைக்கு முன் குழாய் வாய்களைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும்; இரண்டு பேர், ஒரு காலை நேரம் போதும்.

நோட்டை அக்கா எங்களிடம் ஒப்படைத்துவிட்டார். படிப்பறை மேசை இழுப்பறையில் இருக்கிறது. கடைசியாக எழுதிய பக்கம் புதிதாகக் குடிவந்த வீடு: "பெயர் கேட்கவில்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மறுபடி போகணும்."

இப்படிக்கு,
திருப்பணிக் குழு