மனுதாரர் திருப்தி தெரிவித்தாராம்

அரசு அலுவலகங்களில் மாற்றுத்திறனாளிகளின் புகார் மனுக்களைக் கையாளும் அலுவலர்களுக்கு,

வணக்கம். நான் அரசுப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியர். பிறவியிலேயே பார்வை இல்லை. பள்ளி வருகைப் பதிவேட்டில் பதினேழு வருடமாகக் கையெழுத்துப் போட்டு வருகிறேன். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அப்பா இறந்த பிறகு வாரிசுச் சான்றிதழ் வாங்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. அங்கிருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஃபேனுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். அப்புறம் கூட வந்த என் தங்கையிடம், "சாருக்கு எத்தனை பசங்கம்மா?" என்று கேட்டார்கள். சார் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன்.

வாக்குமூலம் எழுதி முடித்ததும் மேசைமேல் எதையோ என் பக்கம் நகர்த்தும் சத்தம் கேட்டது. கை வைத்துப் பார்த்தால் மைப்பெட்டி. "நான் கையெழுத்துப் போடுவேன் சார்" என்றேன். "கண்ணு தெரியாதவங்க கைநாட்டுதான் வைக்கணும், அதுக்கும் ரெண்டு சாட்சி வேணும்" என்றார் பொறுப்பில் இருந்தவர். எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டேன். "வழக்கம் சார்" என்றார். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் திறந்திருக்கும் ஒரு சின்ன அட்டையை எப்போதும் பையில் வைத்திருப்பேன். அதைத் தாளின்மேல் பொருத்தி, ஒரு வெற்றுத்தாளில் மூன்று முறை போட்டுக் காட்டினேன். மூன்றும் ஒன்றுபோல இருந்ததாகத் தங்கை சொன்னாள். பயனில்லை. அவள் கையெழுத்தை ஒரு கேள்வி இல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். என் தாள் மட்டும் ஓரமாக வைக்கப்பட்டது.

சரி, புகார் கொடுப்போம் என்று முடிவு செய்தேன். "நீங்களே கவர்மென்ட் சம்பளம் வாங்குறீங்க, எதுக்கு சார் வம்பு? கைநாட்டு வெச்சுட்டுப் போயிடலாமே" என்றார்கள் ஆசிரியர் அறையில். வம்புதான். ஆனால் இதே பள்ளியில்தான் பெற்றோர் கூட்டத்துக்கு வரும் அம்மாக்களுக்கு மாலை வகுப்பு நடத்திக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தோம். கைநாட்டு வைத்துவிட்டு அந்த அம்மாக்களை நான் எப்படி ஏறிட்டுப் பார்ப்பது? (பார்ப்பது என்ற சொல்லை நாங்களும் பயன்படுத்துவோம், பதற வேண்டாம்.)

முதலில் இணையதளம். பெயர், முகவரி, புகார் விவரம் எல்லாவற்றையும் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளை வைத்து நானே தட்டச்சு செய்தேன். கடைசியில் கேப்ட்சா வந்து நின்றது. படத்தில் உள்ள எழுத்துகளை உள்ளிடவும் என்றது. ஒலியாகக் கேட்கும் வசதி இல்லை. பார்வையற்றவன் பாகுபாடு பற்றிக் கொடுக்கும் புகாரை அனுப்ப, பார்வையுள்ள ஒருவர் வர வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வந்து படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்து பக்கம் மூடிக்கொண்டது. விட்டுவிட்டு, ஒரு திங்கட்கிழமை சிஎல் போட்டு, குறைதீர் நாளில் நேரில் மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வந்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து மின்னஞ்சலில் பதில் வந்தது. திறந்தால் திரைவாசிப்பான், "வெற்று ஆவணம்" என்றது. தாளை ஸ்கேன் செய்து படமாக அனுப்பியிருக்கிறார்கள். மறுபடியும் பக்கத்து வீட்டுப் பெண்தான் படித்தாள்: "மனுதாரரிடம் நேரில் விசாரணை செய்யப்பட்டது. மனுதாரர் திருப்தி தெரிவித்தார். மனு முடிவு செய்யப்படுகிறது." கீழே யார் பெயர் என்று கேட்டேன். என்னிடம் மைப்பெட்டியை நகர்த்தியவரின் பெயர்.

என்னை யாரும் விசாரிக்கவில்லை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விசாரணைக் கோப்பின் நகலைக் கேட்டேன். வந்தது. நேரில் விசாரித்ததாக எழுதியிருந்த நாளில், அந்த நேரத்தில், நான் ஒன்பதாம் வகுப்பில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். அதற்குப் பதிவேட்டில் உள்ள என் கையெழுத்துதான் சாட்சி. நான் திருப்தி தெரிவித்ததாகச் சொல்லும் அந்தத் தாளில் என் கையெழுத்தும் இல்லை, கைநாட்டும் இல்லை.

இந்த மடலை எழுத வைத்தது மைப்பெட்டி இல்லை, அந்தத் தாள்தான். முதல் தவறு அறியாமையில் நடந்தது. யாராவது ஒருவர் சட்டத்தை எடுத்துச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். யார்மேல் புகாரோ அவரிடமே புகாரைக் கொடுத்து, அவரே விசாரித்து, அவரே முடித்துவைப்பது அறியாமை இல்லை. தேர்வு எழுதிய மாணவனையே விடைத்தாளைத் திருத்தச் சொன்னால் என் தலைமையாசிரியர் என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, சொத்தை வைத்திருக்கவும் வாரிசாகப் பெறவும் எங்களுக்கு மற்றவர்களைப் போலவே உரிமை உண்டு என்கிறது; சட்டத்தின் முன் எங்கும் சமமாக ஏற்கப்பட வேண்டும் என்கிறது. 3ஆவது பிரிவு பாகுபாட்டைத் தடுக்கிறது. 23ஆவது பிரிவின்படி ஒவ்வோர் அரசு அலுவலகத்திலும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும்; புகாரைப் பதிவேட்டில் ஏற்றி இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு, பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அந்தப் பிரிவு 20ஆவது பிரிவோடு, அதாவது வேலை சார்ந்த பாகுபாட்டோடு கட்டப்பட்டது. ஆசிரியராக என் துறைமேல் எனக்குக் குறை இருந்தால் அந்த வழியில் போகலாம். கவுன்டருக்கு வெளியே நிற்கும் பொதுமகனாக நான் போக வேண்டிய இடம் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். 80ஆவது பிரிவு அவருக்கு விசாரிக்கும் பொறுப்பைத் தருகிறது. ஆட்களை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் 82இல் இருக்கிறது. அவர் பரிந்துரைத்தால் சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும்; ஏற்கவில்லை என்றால் காரணத்தை, பாதிக்கப்பட்டவருக்கும் சேர்த்து, சொல்ல வேண்டும். என் மனுவைக் கையில் வாங்கியவர் இந்த வழியை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். நானே தேடிப் படித்துத் தெரிந்துகொள்ள நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

ஒரு புகார் ஒழுங்காக விசாரிக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வங்கிகளே உதாரணம். ஒருகாலத்தில் பார்வையற்றவர்களுக்கு காசோலைப் புத்தகம் தர மாட்டார்கள், ஏடிஎம் அட்டை தர மாட்டார்கள். அங்கேயும் "வழக்கம்" என்பதுதான் பதில். 2003இல் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய தலைமை ஆணையரிடம் பதிவான வழக்கு ஒன்றில் 2005 செப்டம்பரில் உத்தரவு வந்தது. அதைச் சுட்டிக்காட்டி ரிசர்வ் வங்கி 2008 ஜூனில் வணிக வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது: பார்வையற்றவர்கள் ஒப்பந்தம் செய்யச் சட்டப்படி தகுதியுள்ளவர்கள், காசோலை, ஏடிஎம், லாக்கர் எதையும் மறுக்கக் கூடாது. இன்று என் சட்டைப்பையில் இருக்கும் ஏடிஎம் அட்டைக்குப் பின்னால் முகம் தெரியாத ஒருவரின் புகார் இருக்கிறது. அவரிடமும் எதற்கு வம்பு என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

இணையப் பக்கத்துக்கும் இதே கதைதான். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று சொல்லி 20 கட்டளைகளைப் பிறப்பித்தது. அமர்வில் இருந்த இருவரில் ஒருவர், நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி ஆர். மகாதேவன். கேப்ட்சாவை உருவாக்கியவர்களுக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

நான் கேட்பதில் எதற்கும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை. பாகுபாடு பற்றிய மனு வந்தால், யார்மேல் புகாரோ அவருக்கு மேலே இருப்பவர் விசாரிக்கட்டும். "திருப்தி தெரிவித்தார்" என்று எழுதும் முன் மனுவில் உள்ள எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். காது கேளாதவர் என்றால் குறுஞ்செய்தி அனுப்புங்கள், நேரில் வந்தால் சைகை மொழி தெரிந்தவரை ஏற்பாடு செய்யுங்கள். யாரிடம் மேல்முறையிடலாம் என்பதை ஒப்புகைச் சீட்டிலேயே அச்சடித்துவிடுங்கள். சுவரில் போர்டு வைத்தாலும் சரி, எனக்குத் தெரியாது, யாராவது படித்துச் சொல்வார்கள்.

சான்றிதழ் கிடைத்துவிட்டது. அந்த இருக்கைக்கு மாறுதலில் வந்தவர், நான் அட்டையை எடுத்ததும், "எங்க போடணும்னு காட்டட்டுமா சார்?" என்று கேட்டு, தாளின்மேல் என் விரலை வைத்துக் காட்டினார். இரண்டு நிமிட வேலை. புகாரை நான் திரும்பப் பெறவில்லை; இப்போது அது மாநில ஆணையருக்குப் போயிருக்கிறது.

இந்த மடலுக்கு யாராவது பதில் போடுவதாக இருந்தால், தயவுசெய்து ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டாம். தட்டச்சு செய்து எழுத்தாகவே அனுப்புங்கள். நானே படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர்